'ஊசி போட்டு இறந்தார்' என்ற வாக்கியத்தில் என்ன பிழை?

2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனைக்குப் போய், பத்திரிகையாளர்கள் பார்க்க, கோவாக்சின் என்ற கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார். தான் போட்டுக்கொள்வதைப் பார்த்து நாலு பேருக்குத் தைரியம் வரட்டும் என்பதுதான் நோக்கம். மறுநாள் காலை மாரடைப்பு. 17ஆம் தேதி அதிகாலையில் இறந்துவிட்டார். வயது 59.

அன்று காலை எட்டு மணிக்குள் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தி ஏழெட்டு முறை வந்துவிட்டது, ஒவ்வொன்றிலும் ஊசி போட்ட படம் இடப்பக்கம், மருத்துவமனைப் படம் வலப்பக்கம். ஒன்பது மணிக்குப் பெரியப்பா போன் செய்தார். அடுத்த வாரம் அவரைத் தடுப்பூசிக்கு அழைத்துப் போவதாக இருந்தேன். "வேணாம்ப்பா. அவ்வளவு பெரிய மனுஷனுக்கே இப்படின்னா எனக்கெல்லாம் என்ன ஆகும்" என்றார். நான் ஏதேதோ சொன்னேன், எதுவும் எடுபடவில்லை. அன்றைக்கு என்னிடம் சரியான பதில் இல்லை என்பதுதான் உண்மை. அதற்கப்புறம் ரொம்ப நாள் யோசித்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பெரியப்பாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முதலில் ஒன்று, அடுத்து இன்னொன்று நடந்தால் முதலாவது இரண்டாவதற்குக் காரணம் என்று மனம் முடிச்சுப் போடுவது முட்டாள்தனம் இல்லை. அடுப்பைத் தொட்டான், சுட்டது. காளானைத் தின்றான், வாந்தி வந்தது. இப்படி முடிச்சுப் போடத் தெரிந்தவர்களின் வம்சம்தான் நாம். நம் மொழியே அதற்கு இடம் கொடுத்து வைத்திருக்கிறது. 'மழை பெய்து நெல் விளைந்தது' என்கிறோம். மழை பெய்தபிறகு என்றா, மழை பெய்ததால் என்றா? இரண்டும்தான். 'குளித்துச் சாப்பிட்டான்' என்றால் அது வெறும் வரிசை, குளித்தது சாப்பாட்டுக்குக் காரணம் இல்லை. 'வழுக்கி விழுந்தான்' என்றால் அது காரணம். ஒரே வினையெச்சம் வரிசைக்கும் வருகிறது, காரணத்துக்கும் வருகிறது, எது எதற்கு என்பதைக் கேட்பவரே இட்டு நிரப்பிக்கொள்கிறார். 'விவேக் ஊசி போட்டு இறந்துவிட்டார்' என்று அன்று தமிழ்நாடு முழுக்கச் சொல்லப்பட்ட வாக்கியம் அப்படிப்பட்டது. சொன்னவர் வரிசையைச் சொல்லியிருக்கலாம். கேட்டவர் காதில் காரணமாகத்தான் விழுந்தது.

லத்தீனில் இந்தப் பிழைக்கு 'போஸ்ட் ஹாக் எர்கோ ப்ராப்டர் ஹாக்' என்று பெயர், அதாவது 'இதற்குப் பிறகு, ஆகவே இதனால்'. நம்மிடம் அதைவிட அழகாக, காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை இருக்கிறது. பழுத்துக் காம்பு இற்றுப்போய் எந்த நொடியும் விழத் தயாராக இருந்த பழம், காக்கை வந்து உட்கார்ந்த நொடியில் விழுகிறது. பார்த்தவன் கண்ணுக்குக் காக்கைதான் தெரிகிறது, காம்பு தெரிவதில்லை.

விவேக் விஷயத்தில் அந்தக் காம்பு என்ன? இதயத்தின் இடதுபக்க முக்கிய ரத்தக்குழாயில் முழு அடைப்பு இருந்ததாக அவருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவமனை அன்றைக்கே சொல்லிவிட்டது. அப்படிப்பட்ட அடைப்புக்கு அடிப்படையான கொழுப்புப் படிவு ஒரு நாளில், ஒரு வாரத்தில் சேர்வதில்லை, ஆண்டுக்கணக்கில் சேர்வது. ஆனால் இந்த விளக்கம் பெரியப்பாவுக்குப் போதவில்லை. அடைப்பு இருந்தது சரி, ஊசிதான் அதைத் தூண்டிவிட்டிருக்கக் கூடாதா என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஒரே ஒரு மனிதரின் உடலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அதற்கு முழுப் பதில் கிடைக்காது. கூட்டத்தைப் பார்க்க வேண்டும்.

ஒரு கணக்குப் போடலாம். இந்தியாவில் கொரோனாவுக்கு முந்தைய ஆண்டுகளில் ஆயிரம் பேருக்கு ஆண்டுக்குச் சுமார் 6 பேர் இறந்துகொண்டிருந்தார்கள், எல்லா வயதும் சேர்த்து, எல்லாக் காரணமும் சேர்த்து. அப்படியானால் 1 கோடி பேரில் ஆண்டுக்கு 60,000 பேர். ஒரு நாளைக்கு 164 பேர். இரண்டு நாளில் 330 பேர் பக்கம். 2021 ஏப்ரல் 10 அன்று இந்தியாவில் போடப்பட்ட டோஸ் 10 கோடியைத் தாண்டியது. ஆகவே அந்த ஊசிகளில் வெறும் தண்ணீர் இருந்திருந்தாலும், 'போட்டுக்கொண்டு இரண்டு நாளில் இறந்தவர்கள்' ஆயிரக்கணக்கில் இருந்திருப்பார்கள். படுத்த படுக்கையாய் இருப்பவர்கள் ஊசி போட வருவதில்லை என்பதால் இந்த எண் கொஞ்சம் குறையும். ஆனால் அப்போது 45 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் முன்களப் பணியாளர்களுக்கும்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள், அந்த வயதில் இறப்பு விகிதம் அதிகம், அதனால் எண் கூடவும் செய்யும். எப்படிப் பார்த்தாலும் ஆயிரங்களில்தான் நிற்கும். அந்த ஆயிரங்களில் ஒருவர் எல்லோருக்கும் தெரிந்த முகமாக இருந்துவிட்டார்.

இந்தக் கணக்கை அன்று காலையே யாராவது எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தால் பெரியப்பாவிடம் சொல்லியிருப்பேன். கேட்டிருப்பாரா என்பது வேறு விஷயம்.

கணக்கு சொல்வது இவ்வளவுதான்: ஒரு நிகழ்ச்சிக்குக் காரணம் தேடும்போது நான்கு கும்பல்களை எண்ண வேண்டும். ஊசி போட்டு இறந்தவர்கள், போட்டும் நலமாக இருப்பவர்கள், போடாமல் இறந்தவர்கள், போடாமல் நலமாக இருப்பவர்கள். நமக்குச் செய்தியாக வருவது முதல் கும்பல் மட்டும். 'நேற்று ஊசி போட்டுக்கொண்ட அண்ணாச்சி இன்று வழக்கம்போல் கடையைத் திறந்தார்' என்று எவரும் பகிர்வதில்லை. 'ஊசி போடாத ஒருவர் மாரடைப்பில் இறந்தார்' என்பதில் போடாத என்ற சொல்லை யாரும் சேர்ப்பதில்லை. மற்ற மூன்று கும்பலும் கண்ணில் படாதபோது முதல் கும்பல் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் மலை மாதிரி தெரியும்.

சரி, அப்படியானால் ஊசிக்குப் பிறகு நடப்பது எல்லாமே தற்செயல் என்று கையைக் கழுவிவிடலாமா? கூடாது, அது இன்னொரு வகைப் பிழை. 1976இல் அமெரிக்காவில் நடந்ததைச் சொன்னால் இது விளங்கும். ஒரே தடுப்பூசித் திட்டத்தில் பொய்யான முடிச்சும் மெய்யான முடிச்சும் அடுத்தடுத்து வந்த கதை அது.

அந்த ஆண்டு தொடக்கத்தில் நியூ ஜெர்சியில் ஒரு ராணுவ முகாமில் பன்றிக் காய்ச்சல் வைரஸ் வந்து ஒரு வீரர் இறந்தார். 1918இல் வந்த ஃப்ளூ காய்ச்சல் போல இன்னொரு கொள்ளை நோய் வந்துவிடுமோ என்று பயந்து, நாட்டில் எல்லோருக்கும் தடுப்பூசி போடப்போவதாக அதிபர் ஃபோர்டு அறிவித்தார். அக்டோபரில் ஊசி போடத் தொடங்கினார்கள். பத்துப் பன்னிரண்டு நாளில் பிட்ஸ்பர்க் நகரில், ஒரே முகாமில் ஊசி போட்டுக்கொண்ட மூன்று முதியவர்கள் இறந்தார்கள். நாடே அதிர்ந்தது. பல மாநிலங்கள் ஊசியை நிறுத்தின. சுகாதார அதிகாரிகள் நாம் மேலே போட்ட அதே கணக்கைத்தான் எடுத்துச் சொன்னார்கள்: இந்த வயதில் இத்தனை பேரில் ஒரு நாளைக்கு இத்தனை பேர் எப்படியும் இறப்பார்கள், முகாமுக்கு வந்தவர்களில் மூன்று பேர் என்பது அந்த எதிர்பார்ப்புக்குள்தான் அடங்குகிறது. அக்டோபர் 14 அன்று ஃபோர்டு தானே தொலைக்காட்சியில் ஊசி போட்டுக் காட்டினார். திட்டம் மறுபடி ஓடத் தொடங்கியது.

ஆனால் நவம்பர், டிசம்பரில் வேறு மாதிரியான தகவல்கள் வர ஆரம்பித்தன. கில்லன் பாரே என்றொரு அரிய நோய், உடலின் எதிர்ப்பாற்றலே நரம்புகளைத் தாக்கிக் கைகால்களை முடக்கிவிடும். ஊசி போட்டவர்களில் சிலருக்கு அது வந்திருந்தது. இப்போதும் அதே கேள்வியைத்தான் கேட்டார்கள்: ஊசி இல்லாவிட்டாலும் எப்படியும் எத்தனை பேருக்கு வந்திருக்கும்? இந்த முறை கணக்கு உதைத்தது. போடாதவர்களைவிடப் போட்டவர்களிடம் தெளிவாக அதிகம். அதுவும் ஆண்டு முழுக்கச் சிதறி வராமல், ஊசி போட்ட சில வாரங்களுக்குள் குவிந்து வந்தது. டிசம்பர் 16 அன்று திட்டத்தை நிறுத்தினார்கள். அதற்குள் 4 கோடிக்கு மேற்பட்டோர் ஊசி போட்டிருந்தார்கள். பின்னால் கணக்கிட்டதில், ஏறத்தாழ லட்சத்துக்கு ஒருவர் என்ற அளவில் கூடுதல் ஆபத்து. பயந்தபடி அந்தக் கொள்ளை நோய் வரவும் இல்லை.

மூன்று மரணங்களையும் பார்த்து மக்கள் பயந்ததும், முடங்கிப்போனவர்களைப் பார்த்து மருத்துவர்கள் சந்தேகித்ததும் ஒரே இடத்தில்தான் தொடங்கின, 'இதற்குப் பிறகு அது' என்ற கவனிப்பில். அந்தக் கவனிப்பு தப்பே இல்லை. அதோடு நின்றுவிட்டார்களா, அடுத்த படிக்குப் போனார்களா என்பதில்தான் வித்தியாசம். 2021 மார்ச்சில் ஐரோப்பாவில் அஸ்ட்ராஜெனிகா என்ற கொரோனா ஊசிக்குப் பிறகு சிலருக்கு மூளைச் சிரைகளில் ரத்தம் உறைந்தபோதும் இப்படித்தான் ஆராய்ந்தார்கள். ரத்த உறைவு பொதுவாக நடப்பதுதான், ஆனால் அந்த இடத்தில், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்துபோன நிலையில், இளம் வயதினருக்கு, இத்தனை பேருக்கு என்றபோது அது எதிர்பார்ப்பைத் தாண்டியது. அதை மிக அரிய பக்கவிளைவு என்று ஐரோப்பிய மருந்து ஆணையம் ஏப்ரல் 7 அன்று ஒப்புக்கொண்டது, விவேக் ஊசி போடுவதற்கு எட்டே நாள் முன்பு. ஆகவே 'அதிகாரிகள் எப்போதும் தற்செயல் என்றுதான் சொல்வார்கள்' என்பது உண்மையில்லை.

இன்னொரு வகைக் குழப்பம் இருக்கிறது, இரண்டு கடிகாரங்கள் ஒரே நேரத்தில் அடிப்பது. தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் ஊசியைப் பல நாடுகளில் குழந்தைக்கு ஒரு வயது தாண்டியதும் போடுகிறார்கள். ஆட்டிசத்தின் அடையாளங்களைப் பெற்றோர் கவனிக்கத் தொடங்குவதும் பெரும்பாலும் அந்த வயதையொட்டித்தான், பேச்சு வரவேண்டிய வயது அது. 1998இல் வேக்ஃபீல்டு என்ற மருத்துவர் 12 குழந்தைகளை வைத்து லான்செட் என்ற மருத்துவ இதழில் எழுதிய கட்டுரை இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டது. 2010இல் அந்த இதழ் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. 2019இல் டென்மார்க்கில் 6.5 லட்சம் குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வு வந்தது: ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் ஆட்டிச விகிதத்தில் வேறுபாடு இல்லை. ஆனாலும் தன் குழந்தையின் கண்ணைப் பார்த்துக்கொண்டு 'அன்றைக்கு ஊசி போட்டேன், அப்புறம்தான்' என்று நினைக்கும் தாயிடம் 6.5 லட்சம் என்ற எண்ணைச் சொல்வது எவ்வளவு கடினம் என்பது எனக்குப் புரிகிறது.

பெரியப்பா கதைக்கு வருகிறேன். மே மாதம், இரண்டாவது அலையின் உச்சத்தில், அவருக்குக் கொரோனா வந்தது. பதினொரு நாள் ஆக்சிஜன் படுக்கை. அந்தப் பதினொரு நாளும் எங்கள் வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. 'அன்றைக்கு ஊசி போட்டிருந்தால் இந்த நிலை வந்திருக்காது' என்று நான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன், ஒருநாள் என் தங்கை நிறுத்தி, "அது எப்படி உனக்குத் தெரியும்?" என்று கேட்டாள். அவள் கேட்டது சரி. போடவில்லை, பிறகு நோய் வந்தது, ஆகவே போடாததால் வந்தது என்று நானும் அவர் செய்ததையேதான் செய்துகொண்டிருந்தேன். ஊசி போட்டவர்களுக்கும் சிலருக்கு நோய் வந்தது, போடாத பலர் ஒன்றுமில்லாமல் தப்பினார்கள். பெரியப்பா என்ற ஒரு மனிதர் விஷயத்தில் எது நடந்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. நடக்காத ஏப்ரலுக்குத் திரும்பிப்போய்ப் பார்க்க வழியில்லை.

அவர் பிழைத்து வந்தார். வந்தவர் சொன்ன முதல் வார்த்தை, "கபசுரக் குடிநீர்தான்ப்பா என்னைக் காப்பாத்துச்சு." இரண்டு வேளையும் விடாமல் குடித்திருக்கிறார். பிழைத்த மகிழ்ச்சியில் அன்று நான் எதுவும் பேசவில்லை. ஆனால் இந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் அதே முடிச்சுதான். கொரோனா வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பிழைத்தார்கள், அதைக் குடித்தவர்களும் குடிக்காதவர்களும். ஆகவே குடித்தவர்களில் பெரும்பாலோர் 'குடித்தேன், பிழைத்தேன்' என்று உண்மையாகவே சொல்ல முடியும். இதிலிருந்து அந்தக் குடிநீர் பயனற்றது என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. ஒருவர் பிழைத்ததை வைத்து அது தெரியாது, அவ்வளவுதான். மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லியும் அப்படியே. ஹெபடைடிஸ் ஏ வைரஸால் வரும் காமாலை பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே சரியாகும். நோய் இறங்கத் தொடங்கும் நேரத்தில் கையில் எந்த மருந்து இருந்ததோ அதற்குப் பெயர் கிடைத்துவிடுகிறது.

பாம்புக்கடியில் இது உயிர் போகிற விஷயம். நம் ஊரில் கடிக்கும் பாம்புகளில் சாரை, தண்ணீர்ப் பாம்பு போன்ற விஷமில்லாதவை நிறைய. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கு விஷப் பாம்புகளும் சில சமயம் விஷத்தை இறக்காமலே கடித்துவிட்டுப் போகும். அப்படிக் கடிபட்ட அத்தனை பேரும் மந்திரிப்பவரிடம் போனால் பிழைப்பார்கள், போகாவிட்டாலும் பிழைப்பார்கள். பிழைத்தவர்கள் ஊரெல்லாம் அவர் புகழ் பாடுவார்கள். மறுநாள் ராத்திரி தரையில் படுத்திருந்த ஒருவரைக் கட்டுவிரியன் கடிக்கிறது, வலிகூடப் பெரிதாக இல்லை, அந்தப் புகழை நம்பி அதே இடத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், விஷமுறிவு மருந்துக்கான மணிநேரங்கள் கரைகின்றன. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்ததாக ஒரு பெரிய ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது. விஷமுறிவு மருந்து தயாரிக்கத் தேவையான விஷத்தை மாமல்லபுரம் பக்கத்தில் வடநெம்மேலியில், 1978இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக்கொடுத்துக்கொண்டிருக்கிறது. மருந்து நம் மண்ணிலிருந்தே போகிறது, ஆனால் கடிபட்டவர் போகும் பாதை வேறாக இருக்கிறது.

தங்கை கேட்ட கேள்விக்குப் பதில் உண்டா என்றால், தனி மனிதருக்கு இல்லை, கூட்டத்துக்கு உண்டு. கோவாக்சினின் மூன்றாம் கட்டச் சோதனையில் 25,798 பேர் சேர்ந்தார்கள். யாருக்கு உண்மையான ஊசி, யாருக்கு வைரஸ் இல்லாத போலி ஊசி என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தார்கள், போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. குலுக்கல் ஏன்? இரண்டு பக்கமும் வயது, நோய், பழக்கம், பயம் எல்லாம் ஏறத்தாழ ஒரே மாதிரி விழுந்துவிடும் என்பதற்காக. அப்புறம் வித்தியாசம் என்று ஒன்று வந்தால் அதற்குப் பொறுப்பாக மிஞ்சுவது ஊசி மட்டும்தான். முடிவுகளைக் கணக்கிட்டபோது பக்கத்துக்கு 8,500 பேர் அளவில், உண்மை ஊசி போட்டவர்களில் 24 பேருக்கு அறிகுறியோடு கொரோனா வந்திருந்தது, போலி ஊசிக்காரர்களில் 106 பேருக்கு. அந்தச் சோதனையில் 15 பேர் இறந்தார்கள், உண்மை ஊசி போட்டவர்கள் 5 பேர், போலி ஊசி போட்டவர்கள் 10 பேர். அந்தப் பத்துப் பேரின் வீட்டிலும் 'ஊசி போட்டுத்தான் போய்ச் சேர்ந்தார்' என்று யாராவது சொல்லி அழுதிருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

நடக்காத ஏப்ரலுக்குப் போக முடியாது, ஆனால் இப்படி இரண்டு ஏப்ரல்களைப் பக்கத்தில் பக்கத்தில் நட்டுப் பார்க்க முடியும்.

எல்லாவற்றுக்கும் இப்படிச் சோதனை நடத்த முடியாது என்பது தெரிந்ததுதான். புது மருமகள் வந்த மாதத்தில் மாமனார் இறந்துவிட்டால் 'அவ கால் வச்ச நேரம்' என்று ஆயுள் முழுக்கச் சொல்வார்கள். என் அம்மா அதைக் கேட்டே வாழ்ந்தவர். தாத்தாவுக்கு அதற்கு முன்பே இரண்டு முறை நெஞ்சுவலி வந்திருந்தது, வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் இருபத்திரண்டு வயதில் பெட்டியோடு வந்து இறங்கிய பெண்தான் கண்ணில் பட்டாள். அதே ஆண்டு அந்தத் தெருவில் மருமகள் வராத வீடுகளிலும் மரணங்கள் நடந்தன, அவற்றை எந்தக் காலோடும் யாரும் சேர்க்கவில்லை. விவேக் தன் நகைச்சுவைகளில் பல ஆண்டுகள் தாக்கிக்கொண்டிருந்தது இந்த மாதிரியான நம்பிக்கைகளைத்தான். சின்னக் கலைவாணர் என்று பெயர் வந்ததும் அதனால்தான். அவர் மரணமே அப்படி ஒரு நம்பிக்கைக்குத் தீனியானது எனக்கு இன்றும் வலிக்கிறது.

2021 அக்டோபரில், தடுப்பூசிக்குப் பிந்தைய பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழு தன் முடிவைச் சொன்னது: விவேக்கின் மரணத்துக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை, இரண்டும் தற்செயலாக அடுத்தடுத்து நடந்தவை. ஏப்ரலில் ஏழெட்டு முறை வந்த செய்தி எங்கள் குடும்பக் குழுவில் இந்த முறை ஒரே தடவை வந்தது. போட்டது நான்தான்.

பெரியப்பா அதற்கு முன்பே, செப்டம்பரில், ஊசி போட்டுக்கொண்டுவிட்டார். என் கணக்கு எதுவும் காரணமில்லை, உடல் தேறிய பின் போடலாம் என்று டாக்டர் சொன்னது ஒன்றே அவருக்குப் போதுமாக இருந்தது. அன்று ராத்திரி காய்ச்சல், கை வலி. போன் செய்தார்.

"காய்ச்சலடிக்குது. இது ஊசியாலதானே?"

ஊசி போட்ட ஓரிரு நாளில் காய்ச்சல் வருவது எத்தனையோ சோதனைகளில் எண்ணிப் பார்த்து உறுதியான ஒன்று. போலி ஊசி போட்டவர்களுக்கும் கொஞ்சம் பேருக்கு வரும், அதைச் சொல்ல அது நேரமில்லை.

"பெரும்பாலும் ஊசியாலதான் பெரியப்பா," என்றேன். "ஒரு பாராசிட்டமால் போட்டுட்டுப் படுங்க."